ஆறு நாள் பயணம், ஆறு மணி நேரம்

பத்துப் பேர். பத்து மோட்டார் சைக்கிள். பத்து ராத்திரி, பூட்டானில்.

இப்படி ஒரு விளம்பரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விமானத்தில் பாக்டோக்ரா வரை போய், அங்கிருந்து எல்லைக்கு. ஃபுன்ட்ஷோலிங் என்கிற எல்லை ஊரில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, வண்டியை முறுக்கினால் அடுத்த வளைவிலேயே மலை ஏற ஆரம்பித்துவிடும். திம்பு, புனாகா, டிரோங்ஸா, பும்தாங் என்று கிழக்கே போகலாம். தார் ரோடு சலித்துப்போனால் சேறு, சரளைக்கல், ஓடைத் தண்ணீர் என்று இறங்கலாம். இந்த மாதிரி ஆசாமிகளுக்குத் தார் முடிகிற இடத்தில்தான் பயணமே ஆரம்பம். பின்னாலேயே ஒரு லாரி வரும். அதில் மெக்கானிக், ஸ்பேர் டயர், முதலுதவிப் பெட்டி, ஆக்சிஜன் சிலிண்டர்.

சுகமான ஏற்பாடு. ஆனால் இதில் என்ன சார் சரித்திரம் இருக்கிறது?

இருக்கிறது. முதலில் பில்லைப் பார்ப்போம். பி.காம். படித்தவனுக்கு எதையுமே பில்லிலிருந்து பார்த்துத்தான் பழக்கம். வண்டி வாடகை, ஓட்டல், சாப்பாடு, பெட்ரோல், வழிகாட்டி, மெக்கானிக். அப்புறம் பூட்டான் அரசாங்கம் வசூலிக்கிற வளர்ச்சிக் கட்டணம். இந்தியர் என்றால் தலைக்கு ஒரு ராத்திரிக்கு 1,200 ரூபாய். பத்து ராத்திரிக்குப் பன்னிரண்டாயிரம். வெள்ளைக்காரர்களுக்கு 2022 செப்டம்பரில் ராத்திரிக்கு 200 டாலர் என்று ஏற்றி, கூட்டம் குறைந்ததும் 2023 செப்டம்பரில் 100 டாலராகப் பாதியாக்கினார்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் இரண்டே இரண்டு கேள்விகளுக்கு இந்தப் பில்லில் பதில் கிடையாது. இந்த வண்டி எப்படி வந்தது? இந்த ரோடு எப்படி வந்தது?

வண்டியைச் சொல்வது சுலபம். அது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துச் சரக்கு.

காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே பழையசீவரம் என்று ஓர் ஊர். அங்கே பாலாற்றைத் தாண்டினால் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுசேர்கிற இடம் என்பதால் அந்தப் பெயர். இங்கிருந்து வாலாஜாபாத் வழியாகக் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் ஒரகடம். அங்கே 2013ல் ஒரு பெரிய தொழிற்சாலையைத் திறந்தது ராயல் என்ஃபீல்டு. பக்கத்திலேயே வல்லம் வடகாலில் 2017ல் இன்னொன்று. இமயமலையில் எங்கே ஒரு புல்லட்டோ, 2016ல் வந்த ஹிமாலயனோ கண்ணில் பட்டாலும் அது பிறந்த ஊர் பெரும்பாலும் நம் பக்கம்தான்.

ஆனால் புல்லட்டின் பூர்வீகம் இங்கிலாந்து. ரெட்டிச் என்கிற ஊர். ஊசிக்குப் பெயர் போன அந்த ஊரில் 1901ல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது என்ஃபீல்டு கம்பெனி. துப்பாக்கி உதிரிபாகங்களும் செய்து கொடுத்ததால், 'துப்பாக்கி போலத் தயாரிக்கப்பட்டது' என்பதையே விளம்பர வாசகமாக வைத்துக்கொண்டார்கள். 1932ல் வந்த வண்டிக்கு வைத்த பெயர், புல்லட். துப்பாக்கி இருந்தால் தோட்டா வேண்டாமா?

சுதந்திரம் வந்து, காஷ்மீரில் சண்டை நடந்து முடிந்திருந்த சமயம். மேற்கே பாலைவனம், வடக்கே பனிமலை. இரண்டு எல்லையிலும் ரோந்து சுற்ற ராணுவத்துக்கு ஓர் இரும்பு வண்டி தேவைப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து புல்லட்டுகளை வரவழைத்தார்கள். வண்டி தாக்குப் பிடித்தது. இதை ஏன் கப்பலில் கொண்டுவர வேண்டும், இங்கேயே செய்தால் என்ன? 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் ரெட்டிச்காரர்களோடு கைகோத்தது. என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை. ஆரம்பத்தில் பாகங்களை அங்கிருந்து வரவழைத்து இங்கே பூட்டினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 1970ல் இங்கிலாந்தில் கடையைக் கட்டிவிட்டார்கள். மெட்ராஸில் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. 1977ல் அதே புல்லட்டை இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள்! பிள்ளை பெற்றவள் வீட்டுக்கே பேரனைத் தூக்கிக்கொண்டு போன மாதிரி.

அப்புறம் கஷ்ட காலம். எடை குறைந்த, பெட்ரோல் குறைவாகக் குடிக்கிற ஜப்பானியக் கூட்டு வண்டிகள் வந்தன. புல்லட் போலீஸ்காரர்களின் வண்டி, பால்காரர்களின் வண்டி என்று சுருங்கியது. 1994ல் ஐஷர் நிறுவனம் கம்பெனியை வாங்கியது. 2000ல் மூடிவிடலாமா என்கிற அளவுக்கு நிலைமை. அதைத் தூக்கி நிறுத்தியவர்கள், வேலைக்குப் போக வண்டி வாங்கியவர்கள் அல்ல. லீவு போட்டுவிட்டு மலைக்குப் போக வண்டி வாங்கியவர்கள். எல்லையைக் காக்க வந்த வண்டி, எல்லையைத் தாண்டி ஊர் சுற்றும் வண்டியாயிற்று.

சரி, வண்டி வந்துவிட்டது. ரோடு?

1958 செப்டம்பர். பிரதமர் நேரு பூட்டானுக்குப் போகிறார். வயது அறுபத்தெட்டு. கூடவே மகள் இந்திரா. எப்படிப் போனார்கள் தெரியுமா? சிக்கிமின் கேங்டாக்கிலிருந்து நாதுலா கணவாய் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, சீனாவின் பிடியில் இருந்த திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கு வழியாகச் சுற்றிக்கொண்டு பாரோவுக்கு. மட்டக் குதிரையிலும் யாக் எருதின் முதுகிலுமாக, நாள் கணக்கில். நம் நாட்டை ஒட்டியே இருக்கிற ஒரு தேசத்துக்கு, நம் பிரதமர் இன்னொரு நாட்டான் அனுபவிக்கிற மண்ணை மிதித்துக்கொண்டு போகவேண்டியிருந்தது. காரணம் ஒன்றுதான். தெற்கே இந்தியாவிலிருந்து நேராக மலை ஏற மோட்டார் ரோடு என்று ஒன்று பூட்டானில் கிடையவே கிடையாது.

பாரோவில் நேரு பேசினார். நீங்கள் சுதந்திர நாடாகவே இருக்கவேண்டும், உங்கள் வழியை நீங்களே தேர்ந்துகொள்ளவேண்டும் என்பது பேச்சின் சாரம். மூன்றாவது மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக் கேட்டுக்கொண்டார். ஆனால் ரோடு போட உடனே சம்மதித்துவிடவில்லை. ரோடு வந்தால் அதன் வழியாக எது எதுவெல்லாம் வரும் என்கிற பயம் ஒரு சின்ன நாட்டுக்கு இருக்கத்தானே செய்யும்?

மறு வருஷமே அந்தப் பயத்தைவிடப் பெரிய பயம் வந்தது. 1959ல் லாசாவில் கிளர்ச்சி, சீன ராணுவத்தின் அடக்குமுறை, தலாய் லாமா இந்தியாவுக்குத் தப்பி வந்தது. அகதிகள் பூட்டானுக்குள்ளும் வந்தார்கள். பூட்டான் வடக்கு வாசலைச் சாத்திக்கொண்டது. காலம் காலமாக வியாபாரம் நடந்த வாசல் அது. இனி தெற்கே ஒரு வாசலைத் திறந்தே ஆகவேண்டும்.

இந்தியாவில் எல்லைச் சாலைகள் அமைப்பு உருவானது 1960 மே மாதம். அதன் பூட்டான் பிரிவு 1961 ஏப்ரலில் வேலையைத் தொடங்கியது. பெயர், டண்டக். ஃபுன்ட்ஷோலிங்கிலிருந்து பாரோ, திம்புவுக்குச் சுமார் 175 கிலோமீட்டர். கீழே வெப்பமண்டலக் காடு, மேலே ஊசியிலைக் காடு, நடுவில் கொட்டோ கொட்டென்று கொட்டுகிற மழை. இன்று போட்ட ரோடு நாளைக் காலையில் ஆற்றுக்குள் கிடக்கும். பாறையில் துளை போட்டு, வெடி வைத்து, மண்வெட்டியாலும் கூடையாலும் அள்ளிக் கொட்டி, இந்திய, நேபாள, பூட்டானியத் தொழிலாளர்கள் மலையைச் சுற்றி ஒரு கோடு இழுத்தார்கள். 1962ல் வண்டி போயிற்று. அதுவரை கோவேறு கழுதையில் ஆறு நாள். அதற்குப் பிறகு மோட்டாரில் ஆறு மணி நேரம்.

அதோடு நிற்கவில்லை. திம்புவிலிருந்து கிழக்கே டிராஷிகாங் வரை நெடுஞ்சாலை, பாரோவில் விமான நிலையம் என்று வேலை வளர்ந்துகொண்டே போனது. 1974ல் நான்காவது மன்னரின் முடிசூட்டு விழாவை ஒட்டி வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்குக் கதவு திறந்தது. இன்று நம் பத்துப் பேர் பறக்கிற ரோடுகளில் பெரும்பகுதி அந்த டண்டக் ஆட்கள் வெட்டியது.

விலை? 2021ல் டண்டக்கின் அறுபதாவது ஆண்டு. அப்போது இந்திய அரசு சொன்ன கணக்கு: பணியின்போது உயிரிழந்தவர்கள் 1,200 பேருக்கு மேல். கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது வருஷம், ஆயிரத்து இருநூறு பேர். வருஷத்துக்கு இருபது. பதினெட்டு நாளைக்கு ஒருவர். அதுவும் யுத்தமே நடக்காத ஒரு நாட்டில். மண் சரிந்து, பாறை உருண்டு, பள்ளத்தில் விழுந்து.

இப்போது உங்களை இரண்டு ஆற்றங்கரைகளில் நிறுத்தப்போகிறேன்.

முதல் கரை பூட்டானில். ஃபுன்ட்ஷோலிங்கிலிருந்து ஏறி வந்தால், பாரோவுக்கும் திம்புவுக்கும் ரோடு பிரிகிற இடத்தில் சூசோம் என்று ஓர் ஊர். சூ என்றால் தண்ணீர், ஆறு. சோம் என்றால் சேர்வது. அதாவது, கூடல்! பாரோ ஆறும் திம்பு ஆறும் அங்கே சேர்கின்றன. ஆறுகள் கூடுகிற இடத்தில் கெட்ட சக்திகள் உலாவும் என்று பயந்து, பூட்டான் பாணியில் ஒன்று, நேபாளப் பாணியில் ஒன்று, திபெத்தியப் பாணியில் ஒன்று என மூன்று ஸ்தூபிகள் கட்டி வைத்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் கோஷ்டிகள் தவறாமல் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிற இடம்.

இரண்டாவது கரை, நம் திருமுக்கூடல். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டு. 1068 வாக்கில் வெட்டியது. நீளமான கல்வெட்டு. பாதி, ராஜா சாளுக்கியரை வென்ற பெருமை. மீதிதான் விசேஷம். அது ஒரு செலவுக் கணக்கு.

கோயிலைச் சேர்ந்து ஒரு கல்விச்சாலை, மாணவர்களுக்கு விடுதி, கூடவே ஓர் ஆதுலர் சாலை. ஆஸ்பத்திரிதான். பதினைந்து படுக்கை. வைத்தியர் பெயர் கோதண்டராம அசுவத்தாம பட்டன். அவருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல், 8 காசு. அறுவை சிகிச்சை செய்கிறவர் ஒருவர். மூலிகை பறித்து வந்து மருந்து காய்ச்ச இரண்டு பேர். நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள். ஒரு நாவிதர். தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள். இத்தனை பேருக்கும் கூலி எழுதியிருக்கிறது. ராத்திரி எரிகிற விளக்குக்கு எண்ணெய்ச் செலவு எழுதியிருக்கிறது. தசமூல ஹரீதகி, விமலை, சுனேத்ரி என்று மருந்துகளின் பெயர்ப் பட்டியல்கூட இருக்கிறது. பிள்ளைகள் சனிக்கிழமை தலைமுழுக எண்ணெய் எவ்வளவு என்பதையும் விடவில்லை!

சோழர் காலத்தை நான் தூக்கிவைத்துக் கொண்டாட வரவில்லை. அந்த நெல் யாருடைய வயலிலிருந்து, யாருடைய முதுகு வளைந்து வந்தது என்று அந்தச் சுவர் சொல்லாது. ஆனால் ஒரு பெரிய காரியம் நடந்தால், அதில் தண்ணீர் சுமந்தவனுக்கும் ஒரு வரி உண்டு என்கிற வழக்கம் அந்தக் கணக்குப்பிள்ளைக்கு இருந்திருக்கிறது. ராஜாவின் வெற்றியை வெட்டிய அதே சுவரில் நாவிதரின் கூலியையும் வெட்டச் சொல்லியிருக்கிறார்.

நம் பத்து ராத்திரிப் பில்லில் மெக்கானிக் இருக்கிறார், சமையல்காரர் இருக்கிறார். ரோடு போட்டவர் இல்லை. விளம்பரத்தில் வருகிற படத்திலும் மலை இருக்கும், வண்டி இருக்கும், மனிதர் யாரும் தொடாத பூமி என்று ஒரு வரி இருக்கும். தொடாமலா ரோடு வந்தது?

போகவேண்டாம் என்று சொல்லவில்லை. தாராளமாகப் போங்கள். அக்டோபர், நவம்பரில் வானம் சுத்தமாக இருக்கும். திம்புவிலிருந்து புனாகாவுக்குக் கிளம்பும்போது, ஊர் எல்லையிலேயே சிம்டோகா வரும். எல்லாரும் அங்கிருக்கிற பழைய கோட்டையைப் பார்க்கத்தான் வண்டியைத் திருப்புவார்கள். அதே சிம்டோகாவில் டண்டக் நினைவுச் சின்னமும் இருக்கிறது. கோட்டையைப் பார்த்துவிட்டு அதையும் விசாரித்துப் போய்ப் பாருங்கள். ஐந்து நிமிஷம் வண்டியை ஆஃப் செய்யலாம். ஆறு நாளை ஆறு மணி நேரமாக்கிக் கொடுத்தவர்களுக்கு ஐந்து நிமிஷம்.