போறேன், போவேன்: இரு மொழிகளின் நாளை

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலக் காலங்களைக் கட்டம் போட்டுச் சொல்லித் தருகிறார்கள். 'ஐ ஆம் கோயிங்' என்றால் போய்க்கொண்டிருக்கிறேன், 'ஐ வில் கோ' என்றால் போவேன். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தில் ஊறிய ஆசிரியராக இருந்தால் 'ஐ ஷல் கோ'. கட்டம் பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் நாளைய ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்ட லண்டன்காரர், வீட்டில் உட்கார்ந்தபடியே 'ஐ ஆம் கோயிங் டு லீட்ஸ் டுமாரோ' என்கிறார். நாளைக்கு எப்படிப் போய்க்கொண்டிருக்க முடியும் என்று நம் பிள்ளைகள் விழிக்கிறார்கள். விழிப்பது நியாயம்தான், தப்பு கட்டத்தில் இருக்கிறது.

ஆங்கில வினைச்சொல் தன் உருவத்தில் காட்டும் காலங்கள் இரண்டே: நிகழ்வும் இறப்பும். எதிர்காலத்துக்கு என்று தனி விகுதி கிடையாது. 'வில்' ஒரு துணைவினை. பழைய ஆங்கிலத்தில் அதற்கு விரும்புதல் என்று பொருள். 'ஷல்' கடன்பட்டிருப்பதைக் குறித்தது. டென்மார்க் அறிஞர் ஓட்டோ எஸ்பர்சனும், 2002-இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணத்தை எழுதிய ஹடில்ஸ்டனும் புல்லமும் ஆங்கிலத்துக்கு எதிர்காலம் என்ற ஒன்றே இல்லை என்று வாதிட்டது இதனால்தான். இருப்பவை, நாளையைப் பற்றிப் பேசப் பல வழிகள். பேசுகிறவர் எந்த நிலையில் நின்று பேசுகிறார் என்பதைப் பொறுத்து வழி மாறும். ஆளிடம் பேசி, நேரம் குறித்து, ஏற்பாடு முடிந்துவிட்டால் 'ஐ ஆம் மீட்டிங் ஹிம்'. அந்தக் கணத்தில் எடுத்த முடிவு, வாக்குறுதி, ஊகம் என்றால் 'வில்'. போன் மணி அடித்ததும் எழுந்து போகிறவர் 'ஐ வில் கெட் இட்' என்றுதான் சொல்வார். அது ஏற்கெனவே செய்த ஏற்பாடு இல்லையே.

இப்போது நம் பேச்சைக் கவனியுங்கள். கல்யாணப் பத்திரிகை வைத்தவரிடம் 'கண்டிப்பா வர்றேன்' என்கிறோம். லீவு எழுதிக் கொடுத்தாயிற்று என்றால் 'நாளைக்கு ஊருக்குப் போறேன்'. இரண்டும் நிகழ்கால உருவம்தான். 'போவேன்' என்று சொன்னால் பேச்சில் நிறம் மாறுகிறது: போனாலும் போவேன், அல்லது யார் தடுத்தாலும் போவேன். ஆக, ஆங்கிலேயர் 'ஆம் கோயிங்' என்று சொல்லும் இடத்தில் நமக்கு வருவது 'போறேன்'. 'போய்க்கொண்டிருக்கிறேன்' அங்கே ஒட்டவே ஒட்டாது. கட்டம் கோட்டைவிட்டது இந்த இடத்தைத்தான்.

ஒற்றுமை இதோடு நிற்கவில்லை. 'இட் இஸ் ரெய்னிங் டுமாரோ' என்று ஆங்கிலத்தில் சொல்ல முடியாது. மழையோடு யாரும் ஏற்பாடு செய்துகொள்ள முடியாதே. தமிழிலும் 'நாளைக்கு மழை பெய்யுது' என்றால் காதில் உறுத்துகிறது. 'பெய்யும்' என்கிறோம், அல்லது வானிலை அறிக்கை மேல் பாரத்தைப் போட்டு 'பெய்யுமாம்' என்கிறோம். மனிதர் கைக்குள் அடங்கும் நாளைக்கு ஓர் உருவம், அடங்காத நாளைக்கு வேறோர் உருவம். ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள் இப்படி ஒத்துப்போவது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

எதிர்மறையில் இந்த ஒற்றுமை இன்னும் துல்லியம். 'நாளைக்கு நான் வரலை' என்பதும் 'நாளைக்கு நான் வரமாட்டேன்' என்பதும் ஒன்றா? முதலாவது தகவல்: வேறு வேலை இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவதில் ஒரு முறுக்கு இருக்கிறது. ஏதோ மனத்தாங்கல் என்று எதிராளி புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் 'ஐ ஆம் நாட் கமிங்', 'ஐ வோன்ட் கம்' இரண்டுக்கும் நடுவே இருப்பதும் கிட்டத்தட்ட இதே இடைவெளிதான். உயிரில்லாத வண்டிக்குக்கூட அங்கே பிடிவாதம் உண்டு: 'தி கார் வோன்ட் ஸ்டார்ட்'. நாமும் 'வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது' என்று அதே பிடிவாதத்தைத்தான் ஏற்றிச் சொல்கிறோம். மேலதிகாரிக்கு 'ஐ வில் நாட் கம் டுமாரோ' என்று பணிவாக எழுதுவதாக நினைத்து எழுதுகிறார் நம்மவர். படிக்கிற ஆங்கிலேயருக்கு அது மறுப்பாகவே தோன்றக்கூடும்.

பிரிகிற இடமும் உண்டு. 'டெய்லி ஐ வில் கோ டு ஜிம்' என்று தமிழ்ப் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இது கவனக்குறைவு அல்ல. 'அப்பா தினமும் அஞ்சு மணிக்கு எழுந்திருப்பார்' என்று நாம் வழக்கத்தைச் சொல்வது எதிர்கால உருவத்தில். என்றோ இறந்துபோன பாட்டியைப் பற்றியும் 'ராத்திரி கதை சொல்லுவா' என்கிறோம். காரணம் பழையது. சங்க இலக்கியத்தில் நிகழ்காலத்துக்கு என்று தனி இடைநிலை அரிது. இறந்தது, இறக்காதது என்ற இரண்டு பிரிவே அன்று ஓங்கியிருந்தது என்பது மொழியியலாளர் கருத்து. 13-ஆம் நூற்றாண்டு நன்னூல் ஆநின்று, கின்று, கிறு என மூன்று நிகழ்கால இடைநிலைகளைப் பட்டியலிடுகிறது. கிறு வந்து நிகழ்காலத்தை எடுத்துக்கொண்ட பிறகும், வழக்கத்தைச் சொல்லும் வேலை பழைய ப், வ் இடைநிலைகளிடமே தங்கிவிட்டது. ஆங்கிலம் அந்த வேலையைச் சாதாரண நிகழ்காலத்திடம் கொடுத்திருக்கிறது: 'ஐ கோ டு தி ஜிம் எவ்ரி டே'.

  

காலம் உருவத்தோடு ஒட்டிக்கொண்டே இருக்காது என்பது நம் இலக்கணிகளுக்குப் புதிதல்ல. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் முக்காலமும் தம்முள் மயங்கலாம் என்று நன்னூல் இடம் கொடுத்திருக்கிறது. இன்னும் வாசலைத் தாண்டாதவர் 'இதோ வந்துட்டேன்' என்பது விரைவு. டிக்கெட் கையில் இருப்பவர் 'நாளைக்குப் போறேன்' என்பதைத் தெளிவில் சேர்க்கலாம். இதைத் தமிழ் வகுப்பில் காலவழுவமைதி என்று மனப்பாடம் செய்த பிள்ளை, அடுத்த மணியில் ஆங்கில வகுப்புக்குப் போய் அதே விஷயத்தை அந்நியமாகப் படிக்கிறது. இரண்டு ஆசிரியர்களும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தப் பாடம் வரும்போது கட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, 'வரலை', 'வரமாட்டேன்' இரண்டையும் கரும்பலகையில் எழுதி வித்தியாசத்தைப் பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். பேச்சுத்தமிழை வகுப்புக்குள் விடுவதற்குத் தயங்க வேண்டாம். 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்ற ஏட்டுத்தமிழை வைத்து இந்தப் பாடத்தை நடத்த முடியாது.