முதல் நாள் மாத்திரை

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஒரு பெண் நோயாளி தொடை வலிக்கிறது, மார்பு எரிகிறது என்றால் திரையை இழுத்துவிட்டு உடனே பாருங்கள். பயிற்சிக்கு வரும் செவிலியர் பிள்ளைகளிடம் இத்தனை வருடமாக இதை நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலில் சிவக்கும், பிறகு நீலம் பாயும், கொப்புளம் கட்டும், கடைசியில் அந்த இடம் கறுத்துச் செத்துப்போகும். மார்பு, பிட்டம், தொடை, அடிவயிறு எனக் கொழுப்பு மிகுந்த இடங்களில்தான் பெரும்பாலும் வரும். கூச்சத்தால் பெண்கள் வாய் திறக்கத் தயங்கும் இடங்களும் அவைதான். ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வராத அபூர்வம் என்பார்கள். வந்தவளுக்கு அந்தக் கணக்கு ஆறுதல் ஆகாது.

இந்த மருந்தின் கதை மாடுகளோடு தொடங்குகிறது. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும், பூஞ்சை பிடித்த ஸ்வீட் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் கொம்பு அறுத்தாலே ரத்தம் நிற்காமல் இறந்தன. 1933 பிப்ரவரியில் எட் கார்ல்சன் என்ற விஸ்கான்சின் விவசாயி, செத்த கிடாரியையும், பால் கேனில் உறையாத ரத்தத்தையும், அந்தத் தீவனத்தையும் ஏற்றிக்கொண்டு பனிப்புயலில் மேடிசன் நகருக்குப் போனார். அங்கே கார்ல் பால் லிங்கின் ஆய்வகம் 1939இல் டைகூமராலைப் பிரித்தெடுத்தது. அதன் வழிவந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகி, 1954இல் மனிதருக்கான மாத்திரையானது.

தோல் அழுகல் அதற்கும் முன்பே, டைகூமரால் காலத்திலேயே தலைகாட்டிவிட்டது. ஒரு பெண்ணின் மார்பு அழுகியதை 1943இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. ரத்தக்குழாய் நோயின் விளைவு என்றே அதைக் கருதினார்கள். இது மருந்தால் வருவது என்று 1954இல் வெர்ஹாகன் எழுதினார். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மருந்து, தோலின் நுண்குழாய்களில் ரத்தத்தை உறைய வைத்தது எப்படி? அதற்கு விடை கிடைக்க இன்னும் முப்பது வருடம் ஆயிற்று.

தொடக்க காலத்தில் முதல் நாளே 40 மில்லிகிராம், அதற்கு மேலும்கூடக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. இன்று நாம் பெரும்பாலும் 5 மில்லிகிராமில் தொடங்குகிறோம். அந்த அவசரத்துக்குத் துணைபோனது, ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஆய்வக எண். உறைதல் காரணிகளில் ஏழாவது சில மணி நேரத்திலேயே குறைந்துவிடும். எண் ஏறும், மருந்து பிடித்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் ரத்தத்தைக் கட்டவைக்கும் புரோத்ராம்பின் பாதியாகக் குறையவே இரண்டரை, மூன்று நாள் ஆகும்.

1976இல் ஸ்வீடனில் யோஹான் ஸ்டென்ஃப்ளோ மாட்டு ரத்தத்திலிருந்து புரோட்டீன் சி என்ற புரதத்தைப் பிரித்தார். உறைதலை அடக்கி வைப்பது அதன் வேலை. வார்ஃபரின் முதல் நாளிலேயே அதையும் வீழ்த்திவிடுகிறது. உறைய வைப்பது மிஞ்சியிருக்க, தடுப்பது போய்விடுகிறது. பிறவியிலேயே அந்தப் புரதம் குறைந்தவர்களுக்கே ஆபத்து மிக அதிகம் என்பது 1980களில் தெளிவானது. முதல் அளவு கூடக்கூட அந்த இடைவெளியும் ஆழமாகிறது. எண்ணை மட்டும் நம்பிய அத்தனை வருடமும் நோயாளியின் உடம்பு வேறொன்றைக் காட்டிக்கொண்டிருந்தது என்பதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

புது மாத்திரைகள் வந்துவிட்டன. ஆனால் உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு இன்றும் வார்ஃபரினோ அசெனோகூமராலோதான். இரண்டும் ஒரே குடும்பம். வாதக் காய்ச்சலால் வால்வு கெட்ட இளம்பெண்கள் நம் வார்டுகளில் இன்னும் இருக்கிறார்கள். முதல் நாட்களின் அந்த இடைவெளியை அடைக்கத்தான், காலில் ரத்தக்கட்டோடு வருபவர்களுக்கு மாத்திரையோடு ஹெப்பாரின் ஊசியும் குறைந்தது ஐந்து நாள் சேர்ந்தே போகும். "மாத்திரைதான் ஆரம்பிச்சாச்சே சிஸ்டர், ஊசி எதுக்கு?" என்று கூட இருப்பவர்கள் கேட்பார்கள். "மாத்திரை இன்னும் முழுசா வேலை செய்யலம்மா. அதுவரைக்கும் ஊசிதான் பாத்துக்கணும்" என்பேன்.