386-க்கு விடைகொடுத்த டிசம்பர்

போன வருஷம் எங்கள் டீமில் ஒரு பழைய ஏபிஐயை நீக்கலாமா என்று பேச்சு வந்தது. "இதையெல்லாம் இன்னும் யாருங்க யூஸ் பண்றாங்க?" என்று கேட்டவன் நான்தான். நீக்கினோம். மூன்றாம் நாள் ஒரு சின்ன வாடிக்கையாளரின் பில்லிங் நின்றுபோனது. அன்றிரவு தூக்கம் வரவில்லை. 2012 டிசம்பரில் லினக்ஸில் நடந்ததைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

1991 ஜனவரியில், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு 386 கணினி வாங்கினார். லினக்ஸ் பிறந்தது அதில்தான். அந்தச் சிப்பின் வசதிகளை நம்பித்தான் முதல் கெர்னலே எழுதப்பட்டது.

2012 டிசம்பரில் அந்த 386-க்கான ஆதரவை நீக்கும் பேட்ச்களை இங்கோ மோல்னார் அனுப்பினார். 386 வெளிவந்தது 1985இல். ஒரு மதிப்பை ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் மாற்றும் வேலையை ஒரே கட்டளையில் முடிக்கும் வசதி 486-இல்தான் வந்தது. தவிர, 'படிக்க மட்டும்' என்று குறித்த நினைவகப் பக்கத்தில் கெர்னலே எழுதினால் 386 அதைத் தடுக்காது. இதற்கெல்லாம் தனித்தனி மாற்று ஏற்பாடுகள். பல செயலிகளுக்கான கோடில் கைவைக்கும்போதெல்லாம் அவை குறுக்கே வந்து நின்றன. டோர்வால்ட்ஸ் பாசம் பார்க்கவில்லை, ஏற்றுக்கொண்டார். 2013 பிப்ரவரியில் வந்த 3.8 பதிப்பில் 386 இல்லை.

அதே டிசம்பர் 23ஆம் தேதி இன்னொரு சம்பவம். கெர்னல் திருப்பித்தரும் ஒரு பிழை எண் மாறியதில் பயனர் நிரல்கள் தடுமாறின. தப்பு நிரலுடையது என்று கெர்னல் தரப்பில் ஒருவர் சொல்ல, டோர்வால்ட்ஸ் கொதித்துப்போனார். ஓடிக்கொண்டிருந்த நிரல் கெர்னல் மாற்றத்தால் நின்றால் அது கெர்னலின் தப்பு, அவ்வளவுதான் என்றார். அவர் திட்டிய விதம் எனக்கு உவப்பில்லை. சொன்ன விஷயம் சரி.

முதலில் இரண்டும் முரண் என்றுதான் நினைத்தேன். இல்லை. இன்டெல் 2007லேயே 386 தயாரிப்பை நிறுத்திவிட்டது. அதை வைத்திருப்பவர் பழைய கெர்னலிலேயே தொடரலாம். நேற்றுவரை ஓடிய நிரலை நம்பி அப்டேட் செய்தவருக்கு அந்த வழி இல்லை. அவருக்கு விஷயம் தெரிவதே வேலை நின்ற பிறகுதான்.

"யாருங்க யூஸ் பண்றாங்க?" என்பது நல்ல கேள்விதான். நான் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

ஏபிஐயைத் திரும்பக் கொண்டுவந்தோம். யார் அழைக்கிறார்கள் என்று லாக் போட்டோம். இப்போது ஒருவர்தான் மிச்சம். அவர் மாறும்வரை அது இருக்கும்.