தண்டியடிகள் கல்லிய குளமும் தென்பெண்ணைக் கரையும்



பங்குனித் திங்களில் ஓசூர் மலைமேல் எழுந்தருளியுள்ள சந்திரசூடேசுவரப் பெருமானையும் மரகதாம்பிகை அம்மையையும் தேரில் கண்டு தொழுத நாம், அப்பெருமானோடு பெயர்த் தொடர்புடைய ஓர் ஆற்றையும் நினைத்தல் கடன். நம் தென்பெண்ணையை வடமொழியாளர் தட்சிண பிநாகினி என்பர். பிநாகம் என்பது சிவபெருமான் ஏந்திய வில். அவ்வில்லின் பெயர் பூண்ட ஆறு நம் நிலத்திற்கு வாழ்வு தந்த வரலாற்றையும், இன்று அது படும் துயரையும், நாம் செய்யத்தக்கதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நீர்நிலை காத்தல் சிவத்தொண்டே என்பதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அறுபத்து மூவருள் ஒருவராகிய தண்டியடிகள் நாயனார் திருவாரூரில் பிறவிக் கண்ணின்றி வாழ்ந்தவர். திருக்கோயிலின் மேற்பால் இருந்த குளம் இடங்குறைந்து சுருங்கியது கண்டு—அகக்கண்ணால் கண்டு—அதனைத் தாமே கல்லத் துணிந்தார். குளத்தினுள் ஒரு தறியும் கரைமேல் ஒரு தறியும் நட்டார். இரண்டையும் கயிற்றால் பிணித்தார். கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டிக் கூடையிற் சுமந்து கரையேற்றினார். சேக்கிழார் பெருமான் போற்றும் இத்தொண்டு, இக்கால வழக்கிற் சொன்னால், தூர் வாரும் பணியேயாகும்.

இனி, ஏரி அமைப்பது எவ்வாறு என்று நம் முன்னோர் வகுத்த நெறியைக் காண்போம். விசயநகர வேந்தர் காலத்தில், 1369ஆம் ஆண்டில், கடப்பைச் சீமையிலுள்ள போருமாமிள்ளையில் பாசுகரன் என்னும் அரசகுமாரன் ஒரு பேரேரி எடுத்தான். ஆயிரம் ஆட்கள் ஈராண்டு உழைத்து முடித்த பணி அது. அதன் கல்வெட்டு நல்லேரிக்குப் பன்னிரண்டு உறுப்புகளையும் ஆறு குற்றங்களையும் எண்ணிச் சொல்கிறது. நீர்நூல் வல்லானும், கெட்டியான நிலமும், தொலைவிலிருந்து வரும் இனிய நீராறும், ஆழ்ந்தகன்ற நீர்ப்பரப்பும் உறுப்புகளுள் அடங்கும். குற்றங்களாவன: கரையில் நீர் கசிதல், நிலம் உவராதல், இரண்டு அரசுகளின் எல்லையில் அமைதல், நடுவே மேடிருத்தல், நீர் சுருங்கிப் பாசன நிலம் பெருகுதல், நிலம் சுருங்கி நீர் மிகுதல். இவ்வாறனுள் மூன்று குற்றங்கள் இன்று நம் பகுதியை வந்து சூழ்ந்துள்ளன என்பதே நாம் கூறவந்த செய்தி.

முதலாவது, எல்லைக் குற்றம். ஓசூர் என்பது கன்னடத்தில் புதூர் எனப் பொருள்படும். ஊரின் பெயரே இரு மொழியின் சந்திப்பு. தென்பெண்ணை கருநாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றி, பெங்களூருவின் கிழக்கே ஓடி, ஓசூர்க்கருகில் தமிழகம் புகுந்து கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. அப்பெருநகரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் மிகுநீரும் இவ்வாற்றிலேயே சேர்கிறது. ஆகவே கெலவரப்பள்ளியில் கழிவு கலந்த நீர் பலமுறை நுரை பொங்கி நின்றதை நாம் கண்டு வருந்தினோம். எல்லை கடந்த ஆறுகளைப் பற்றி மைசூரும் சென்னையும் 1892இலேயே உடன்படிக்கை செய்துகொண்டன. தென்பெண்ணையும் அதில் அடங்கும். எனினும், மார்க்கண்டேய நதியில் யார்கோளில் கருநாடகம் எடுத்த அணை பற்றித் தமிழகம் 2018இல் உச்ச நீதிமன்றம் செல்ல நேர்ந்தது.

இரண்டாவது, நீர் சுருங்கித் தேவை பெருகிய குற்றம். 1971இல் சிப்காட் நிறுவனம் தோன்றியபின் ஓசூரில் தொழிற்பேட்டை எழுந்தது. மோட்டார் வாகனமும் கைக்கடிகாரமும் இங்கே உருவாயின. பல்லாயிரம் குடும்பங்கள் பிழைத்தன. அதனை நாம் குறை கூறோம். ஆயின் மழைநீர் ஊறிய மண்ணைக் கூரையும் காரையும் மூடின. நம் நிலத்தடி கருங்கற் பாறை. நீர் தங்குவது மேலேயுள்ள சிதைந்த பாறைப் படிவிலும் கீழேயுள்ள வெடிப்புகளிலும் மட்டுமே. வைப்பது சிறிதாகவும் எடுப்பது பெரிதாகவும் ஆனபோது ஆழ்துளைக் கிணறுகள் மேலும் மேலும் கீழிறங்கின. பாறையில் நெடுங்காலம் கிடந்த நீரில் புளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுத்தது. அத்துயர் போக்கவே காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது.

மூன்றாவது, இடம் சுருங்கி நீர் மிகுந்த குற்றம். 2024 திசம்பர்த் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின்போது நம் மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து, நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் அடித்துச் சென்றது. குடிநீருக்குக் காவிரியை எதிர்நோக்கிய மாவட்டமே நீரில் மிதந்தது. வறட்சியும் வெள்ளமும் இரு நோயல்ல. தங்க வேண்டிய இடத்தில் நீர் தங்காமை என்னும் ஒரு நோயின் இரு குறிகளே.

இதற்கு மருந்து யாது? கங்கை விண்ணிலிருந்து இறங்கியபோது அதன் விசையை நிலம் தாங்காதென்று பெருமான் சடையில் ஏற்று, மெல்ல வழியவிட்டார் என்பது நாமறிந்த கதை. விசையை உச்சியிலேயே அடக்குவதே நீர்ப்பிடிப்பு மேம்பாட்டின் முதல் விதியும் ஆகும். 1994இல் அனுமந்த ராவ் குழு வகுத்த நெறி, சுமார் 500 எக்டேர் நிலத்தை ஓர் அலகாகக் கொண்டு, அவ்வூர் மக்களே திட்டமிடச் சொன்னது. மேட்டில் மரமும் சமமட்ட அகழியும், சரிவில் வரப்பும் பண்ணைக் குட்டையும், ஓடையில் தடுப்பணையும் கசிவுநீர்க் குட்டையும், தாழ்வில் ஏரி. இவ்வரிசை மாறினால் ஏரி மண்ணால் தூர்ந்துபோம். பெருமழை நாளில் இவை மட்டும் போதா. வரத்துக் கால்வாயும் கலிங்கும் மிகுநீர் ஓடும் வழியும் அடைபடாதிருத்தல் வேண்டும். தொழிற்சாலைக் கூரை நீரும் தூய்மையாக வடிகட்டப்பட்ட பின்னரே நிலத்துட் செல்லவேண்டும். கழிவு கலந்த நீரை ஊறவிடுதல் கிணற்றுக்கு நஞ்சிடுவதாகும்.

மக்கள் கூடிக் காப்பதும் நமக்குப் புதிதன்று. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளில், குடவோலையால் ஏரி வாரியம் தேர்ந்த முறையைக் கூறுகின்றன. எல்லைக் குற்றத்தை அரசுகளும் நீதிமன்றமும் தீர்க்கட்டும். எல்லைக்கு இப்பால் நம் மலையில் விழும் மழைக்கு வழக்கில்லை. அதனைக் காப்பதும் இழப்பதும் நம் கையிலேயே உள்ளன.

அன்பர்களே! தேர்ப்பேட்டைப் பச்சைக் குளத்தில் தெப்பம் காண்கிறோம். அக்குளத்திற்கும் நம் ஊர் ஏரிக்கும் நீர் வரும் கால்வாய் எதுவென நம்முள் எத்தனை பேர் அறிவோம்? திருவிழாவுக்கு முன் ஒரு நாள் அக்கால்வாய் வழியே நடந்து பார்ப்போம். அடைத்தவர் நாமாயின் நாமே திறப்போம். கண்ணில்லாத தண்டியடிகள் கயிற்றைப் பற்றி மண் சுமந்தார். அவருக்கு இறைவன் கண்ணொளி ஈந்தான். கண்ணுடைய நாம் காணாதிருத்தல் தகுமோ?

திருச்சிற்றம்பலம்.