பிண்ணாக்கிலும் கசடிலும் எஞ்சும் எண்ணெய்

எண்ணெய் வித்துகளை ஆட்டிய பின்னும் பிண்ணாக்கிலும், எண்ணெயின் அடியில் படியும் கசடிலும் ஒரு பகுதி எண்ணெய் எஞ்சுகிறது. அதை மீட்கும் முயற்சிகள் தமிழ்நாட்டின் செக்குத் தொழிலையும் மாட்டுத் தீவனத்தையும் மாற்றின.

செக்கு

நெசவுக்குப் பெயர்பெற்ற பொதட்டூர்பேட்டை அமைந்துள்ள திருத்தணி வட்டாரத்தில் நிலக்கடலையும் விளைகிறது. மாடு பூட்டிய செக்கில் ஆட்டிய கடலைப் பிண்ணாக்கில் சுமார் 10 விழுக்காடு எண்ணெய் தங்கும். அது வீணாகவில்லை, கறவை மாட்டுக்கும் உழவு மாட்டுக்கும் சத்தாகச் சேர்ந்தது. ஆட்டிய எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளியவிட்டு, அடி மண்டியைப் பிரித்தனர்.

எக்ஸ்பெல்லர்

அமெரிக்காவின் வி. டி. ஆண்டர்சன் 1900-இல் திருகு வகை எண்ணெய்ப் பிழிபொறிக்குக் காப்புரிமை பெற்றார். இவ்வகைப் பொறி பிண்ணாக்கில் எஞ்சும் எண்ணெயை 6 முதல் 8 விழுக்காடாகக் குறைத்தது. ஆனால் எண்ணெயுடன் பருப்புத் துகள்களும் வெளியேறின. தொட்டியில் படியும் இக்கசடைப் புதிய பருப்புடன் கலந்து மீண்டும் பொறியில் இட்டு, அதிலுள்ள எண்ணெயை மீட்டனர்.

ஆலைகளின் போட்டியில் செக்குகள் நலிந்தன. 1934-இல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கம், தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவின் பொறுப்பில் வார்தாவிலிருந்து இயங்கியது. மேம்படுத்திய 'வார்தா கானி' என்ற செக்கும் அங்கு உருவானது.

கரைப்பான் முறை

எக்ஸ்பெல்லர் பிண்ணாக்கை ஹெக்சேனில் ஊறவைத்தால் எண்ணெய் அதில் கரைந்துவிடும். சூடாக்கும்போது ஹெக்சேன் ஆவியாகிப் பிரியும். அதைக் குளிர்வித்து மீண்டும் பயன்படுத்துவர். எஞ்சும் புண்ணாக்கில் எண்ணெய் 1 விழுக்காட்டுக்கும் குறைவே. 100 கிலோ பிண்ணாக்கிலிருந்து 6 கிலோ வரை எண்ணெய் கூடுதலாகக் கிடைக்கும்.

இந்தியக் கரைப்பான் எண்ணெய் உற்பத்தியாளர் சங்கம் 1963-இல் உருவானது. 1967-ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டு ஆணை, இவ்வெண்ணெயைச் சுத்திகரித்த பின்னரே உணவுக்கு விற்க அனுமதித்தது. சுத்திகரிப்பில் காஸ்டிக் சோடா சேர்க்கும்போது பிரியும் கசடு சோப்புத் தொழிலுக்குச் செல்கிறது.

விளைவு

எண்ணெய் மிச்சமானது, புரதம் செறிந்த புண்ணாக்கு கோழி, மாட்டுத் தீவன ஆலைகளுக்கும் ஏற்றுமதிக்கும் சென்றது. ஊர்ச் செக்கிலிருந்து தொழுவத்துக்கு வந்த எண்ணெய்ப்பசை மிக்க பிண்ணாக்கு அருகியது. கரைப்பான் முறை தவிர்ந்த கடலை எண்ணெய் உற்பத்தி சிறுதொழிலுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த ஒதுக்கீடும் 2015-இல் நீக்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டு நகரங்களில் 'மரச்செக்கு எண்ணெய்' கூடுதல் விலைக்கு விற்கிறது. அச்செக்குகள் பெரும்பாலும் மின்விசையில் சுழல்கின்றன.