எச்.எம்.எஸ். ரேவன் 2

எச்.எம்.எஸ். ரேவன் 2 என்பது முதல் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை பயன்படுத்திய கடல்விமானத் தாய்க்கப்பல் ஆகும். கொழும்பு, பம்பாய்த் துறைமுகங்களுக்கு வெளியே கண்ணிவெடிகளை இட்ட ஜெர்மன் கப்பல் 'வோல்ஃப்' என்பதைத் தேடி, 1917-இல் இது இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பப்பட்டது.

தோற்றம்

இது 1903-இல் இங்கிலாந்தில் கட்டப்பட்டது. 'ரபென்ஃபெல்ஸ்' என்ற பெயரில், பிரெமன் நகரின் ஹன்சா நிறுவனத்தின் சரக்குக் கப்பலாக ஓடியது. 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும், சயீத் துறைமுகத்தில் பிரித்தானியர் இதைக் கைப்பற்றினர். 1915-இல் கடல்விமானங்களை ஏற்றிச் செல்லும் பணியில் இது ஈடுபடுத்தப்பட்டது.

இதில் ஓடுதளம் கிடையாது. விமானத்தைப் பளுதூக்கியால் கடலில் இறக்குவர். அது நீர்மேல் ஓடி எழும்பும். திரும்பி வந்து கப்பலருகே இறங்கியதும் மீண்டும் தூக்கி வைப்பர். அலை மிகுந்தால் விமானம் பறக்க இயலாது.

மத்தியதரைக் கடலில்

தொடக்கத்தில் பிரெஞ்சு நியூபோர்ட் கடல்விமானங்கள் இதிலிருந்து பறந்து உதுமானியப் படைகளை வேவு பார்த்தன. 1916 ஆகஸ்ட் 25 அன்று பாலஸ்தீனத்தின் அஃபுலா ரயில் சந்திப்பின் மீது நடந்த தாக்குதலில் இதன் விமானங்களும் பங்கேற்றன.

இந்தியப் பெருங்கடலில்

1914-இல் எம்டன் சென்னையைத் தாக்கியது பலரும் அறிந்ததே. வோல்ஃப் அதைப்போல் துறைமுகங்களைச் சுடவில்லை. 1917 பிப்ரவரியில் ஓசையின்றிக் கண்ணிவெடிகளை இட்டுச் சென்றது. அவற்றில் சிக்கிக் கொழும்புக்கு அருகே வொர்ஸ்டர்ஷயர் (பிப்ரவரி 17), பெர்சியஸ் (பிப்ரவரி 21) ஆகிய கப்பல்கள் மூழ்கின.

ரேவன் 2, பிரெஞ்சுப் போர்க்கப்பல் பொதுவோவுடன் மார்ச் முதல் ஜூன் வரை இலட்சத்தீவு, மாலத்தீவுப் பகுதிகளில் தேடியது. பகைக்கப்பல் ஒளியக்கூடிய காயல்களைக் கடல்விமானங்கள் மேலிருந்து ஆராய்ந்தன. பயனில்லை. வோல்ஃப் ஏற்கனவே தெற்கே சென்றுவிட்டது. ஜூன் தொடக்கத்தில் அது நியூசிலாந்துக்கு வடக்கே கெர்மடெக் தீவுகளில் இருந்தது.

தேடிய கப்பலும் தேடப்பட்ட கப்பலும் ஒரே நிறுவனத்துக்கு உரியவை. வோல்ஃபின் பழைய பெயர் 'வாக்ட்ஃபெல்ஸ்'. அதுவும் ஹன்சாவின் சரக்குக் கப்பலே. வோல்ஃபிலும் 'வோல்ஃப்கென்' (குட்டி ஓநாய்) என்ற கடல்விமானம் இருந்தது. அது இரையைத் தேடித்தந்ததோடு, நெருங்கிவரும் ஆபத்தையும் முன்கூட்டியே அறிய உதவியது.

செப்டம்பர் 26 அன்று வோல்ஃப் மாலத்தீவுக்கே வந்து ஜப்பானின் ஹிட்டாச்சி மாரு கப்பலைப் பிடித்தது. அப்போது ரேவன் 2-இன் தேடல் முடிந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன.

பிற்காலம்

வோல்ஃப் 451 நாள் பயணத்துக்குப் பின் 1918 பிப்ரவரியில் கீல் துறைமுகம் திரும்பியது. ரேவன் 2, கடல்விமானப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, 'ரேவன்ராக்' என்ற பெயரில் மீண்டும் சரக்குக் கப்பலானது.