பெட்டிக்குள் இருந்த விஞ்ஞானம்



விஞ்ஞானக் கண்காட்சியில் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்ததை ஒப்புவிப்பார்கள். உம்மாமார் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வரும் வரலாறு இது.

2003இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு குறுகிய பாடநெறியாகத் தொடங்கிய முயற்சி, 2004இல் ஐஜெம் என்ற மாணவர் போட்டியாக வளர்ந்தது. உயிர்க்கலங்களின் பரம்பரையலகுகளை மாற்றி, அவற்றுக்குப் புதிய வேலை கொடுப்பதுதான் போட்டி. செயற்கை உயிரியல் என்பார்கள்.

2009இல் கேம்பிரிஜ் பல்கலைக்கழக மாணவர்கள் ஏழு பேர், ஈ.கோலை பற்றீரியாவைச் சிவப்பு, செம்மஞ்சள், கபிலம், ஊதா என நிறங்களை உண்டாக்க வைத்தார்கள். சரி, இதைச் சாதாரண மக்களுக்கு எப்படி விளக்குவது?

அலெக்சாண்ட்ரா டெய்சி கின்ஸ்பேர்க், ஜேம்ஸ் கிங் என்ற இரு வடிவமைப்பாளர்கள் அவர்களோடு சேர்ந்தார்கள். ஒரு கைப்பெட்டி நிறைய, பல நிறங்களில் மனித மலத்தின் மாதிரிகள்! 2039இல் ஒருவர் இந்தப் பற்றீரியா கலந்த யோகட்டைக் குடிக்கிறார். குடலில் நோய் இருந்தால் மலத்தின் நிறம் காட்டிக்கொடுக்கும். இதுதான் அவர்கள் சொன்ன கதை.

முகம் சுளிக்கலாம். ஆனால் பரம்பரையலகு பற்றி ஒன்றும் தெரியாதவர் மனதிலும் "இதை என் பிள்ளைக்குக் கொடுப்பேனா?" என்ற கேள்வி எழும். அந்த அணிதான் அந்த வருடம் முதற்பரிசு வென்றது.

நிறங்கள் உண்மை, யோகட் கற்பனை. எது செய்து முடித்தது, எது இன்னும் கனவு என்று பிரித்துச் சொல்வதும் நேர்மைதான். இல்லாவிட்டால் நம்பிக்கை போய்விடும்.

அடுத்த கண்காட்சியில் பிள்ளைகளிடம் கேளுங்கள்: "இதனால எங்களுக்கு என்ன மகன்?" பதில் வரும்வரை அந்த மேசையை விட்டு நகராதீர்கள்.